கை டைட்டு

மகள் கேட்டது ஒன்றே ஒன்று. மோதி நசுங்கிய காரைப் பழைய இரும்புக்காரன் எடுத்துக்கொண்டு போவதற்குள் அதிலிருக்கும் ஸ்பீக்கர்களைக் கழற்றி, அவள் படுத்திருக்கும் அறையில் மாட்டிக் கொடுக்க வேண்டும். அடிபட்டு வீட்டுக்கு வந்ததிலிருந்து சாப்பிட இது வேண்டும், உடுத்த அது வேண்டும் என்று வாய் திறக்காத பிள்ளை வாய்விட்டு ஒன்றைக் கேட்கிறதே என்று மாஸ்டரம்மா உடனே கட்டில் ஓரம் போய் உட்கார்ந்தாள். "இதுக்கென்னடி, அப்பா ஒரு நிமிஷத்துல கழட்டிடுவாரு" என்று வாக்குக் கொடுத்துவிட்டாள்.

அப்பா கழற்றவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்தார். ஒரு நாள் தைக்க வேண்டிய கார் சீட்டு குவிந்து கிடக்கிறது என்றார். ஒரு நாள் ஸ்குரூ டிரைவரைக் காணோம் என்றார். அதை எடுத்துக் கையில் கொடுத்தபோது, மழை வரும் போலிருக்கிறது என்று வானத்தைப் பார்த்தார். கார்களின் உள்வேலைக்கென்றே பிறந்தவர் அவர். சீட்டு, கூரைத் துணி, கதவு பேனல், தரைவிரிப்பு என்று எதையும் கீறல் இல்லாமல் கழற்றி, எதையும் சத்தமில்லாமல் மாட்டுவார். அதனால்தான் சீட் மாஸ்டர் என்று பெயர். அவர் மிஷினுக்குப் பக்கத்து மிஷினில் உட்கார்ந்து ரெக்ஸின் தைத்தே இவளுக்குக் கழுத்தெலும்பு தேய்ந்தது. இத்தனை வருஷத்தில் ஒரு பேனலைக் கழற்ற அவர் நல்ல நேரம் பார்த்து இவள் கண்டதில்லை.

"மக படுத்துக்கிட்டு கேக்குறா. கழட்ட மனசு வரலையா உங்களுக்கு?" என்று அன்று காலை கேட்டேவிட்டாள்.

"வேற ஸ்பீக்கர் வாங்கித் தரேன். இதைவிட நல்லது."

"அவ கேட்டது நல்லதையா? அதையில்ல கேட்டா!"

"அந்த வண்டியைத் தொடவே எனக்குப் பிடிக்கலை, விடு."

அது இவளுக்குப் புரிந்தது. இவளுக்கும் அந்த வண்டியைக் கண்டால் பற்றிக்கொண்டுதான் வந்தது. மருமகன் கல்யாணத்துக்கு முன்பே வாங்கிய பழைய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட்டு. விளக்கைப் போட்டால் பானெட்டிலிருந்து இரண்டு கண்கள் எழும்பி முழிக்கும். தெருவில் அதற்குத் தவளை என்று பெயர். மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவனுக்கு எதற்கு இந்தத் தவளை என்று பெண் பார்க்க வந்த அன்றே இவள் முணுமுணுத்தாள். "மாமியார் உட்கார இடமில்லாத வண்டியாப் பாத்து வாங்கியிருக்காரு, விவரமான மாப்பிள்ளைதான்" என்று மாஸ்டர் சொல்லி எல்லோரும் சிரித்தார்கள். இவளும்தான் சிரித்தாள்.

இப்போது அந்தத் தவளை பட்டறையின் பின்பக்கம், தகரக் கூரைக்கு அடியில், தார்ப்பாய் போர்த்திக் கிடக்கிறது. மூக்கு உள்ளே போயிருக்கிறது. ஒரு கண் மூடவே இல்லை.

உள்ளே மகளைப் புரட்டிப் படுக்க வைக்கும் நேரமாகியிருந்தது. மாஸ்டர் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு அறைக்குள் போனார். ஒரு கை தோளுக்கு அடியில், ஒரு கை இடுப்புக்கு அடியில். "வண்டி ரிவர்ஸ் எடுக்குது, ஓரம் ஓரம்" என்று சொல்லிக்கொண்டே தூக்கினார். மகள் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். இடுப்புக்குக் கீழே அவளுக்கு எதுவும் தெரியாது. இடுப்புக்கு மேலே எல்லாமே வலி. நர்ஸ் தூக்கினால் அலறினாள், இவள் ஒரு முறை தூக்கப் போய் அந்த அலறலில் பாதியிலேயே கையை எடுத்துவிட்டாள். அப்பா தூக்கினால் மட்டும் சத்தம் வராது. அதென்ன கையோ என்று இவள் மகளிடம் கேட்டாள்.

"அப்பா பிடிச்சா விழ மாட்டேன்னு தெரியும்மா. அதான் பயமில்லை" என்றாள் மகள்.

மாஸ்டர் தலையணையைச் சரி செய்துவிட்டு வெளியே போனார். மகளுக்கு ஒரு துண்டு ரொட்டியைப் பாலில் நனைத்து ஊட்டினாள் இவள். பாதிக்கு மேல் இறங்கவில்லை.

"அவர் வந்தாராம்மா?" என்றாள் மகள்.

"யாரு?"

"தெரியாத மாதிரி கேக்காதம்மா."

"வாசல்ல நின்னான். நின்னுட்டுப் போனான்."

"உள்ள விட்டா என்ன? என் புருஷன்தானே?"

"உன்னை இப்படிக் கிடத்தினவன்டி. பெல்ட்டு போட்டாளான்னு பாக்கக்கூட துப்பில்லாதவன்."

"நான் போட்டிருந்தேன். எத்தனை தடவை சொல்றது?"

"போட்டிருந்தா நீ ஏன் கண்ணாடியில போய் விழுற? டாக்டர் சொல்றாரு போடலைன்னு, போலீஸ் எழுதியிருக்கு போடலைன்னு. ஓட்டினவனுக்குக் கீறல்கூட இல்லை. அவனைக் காப்பாத்த நீ பொய் சொல்ற. சொல்லிக்கோ."

மகள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். திருப்ப முடிந்தது அது ஒன்றைத்தான்.

நடந்தது இவ்வளவுதான். மழை பிசுபிசுத்த ஒரு சாயங்காலம். முன்னால் போன லாரி சட்டென்று நின்றது. தவளை நிற்காமல் போய் முட்டியது. வேகமாகக்கூடப் போகவில்லை என்று மருமகன் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் பெல்ட் போட்ட சத்தத்தைக் காதால் கேட்டேன் என்றான். யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெல்ட்டில்தான் ஏதோ கோளாறு என்று ஆபீஸ் ஆபீஸாக அலைந்து, வண்டிப் பரிசோதகர் ஒருவரை வந்து பார்க்கச் சம்மதிக்க வைத்திருந்தான். அவர் அன்று மத்தியானம் வருவதாக இருந்தது. வந்து பார்த்து, கோளாறு எதுவுமில்லை என்று அவன் மூஞ்சியில் அடித்த மாதிரி சொல்லட்டும் என்று இவள் காத்திருந்தாள். பார்த்து முடித்ததும் இரும்புக்காரன் வந்துவிடுவான். ஸ்பீக்கரைக் கழற்ற அதற்கு முன்னால்தான் நேரம்.

மாஸ்டர் நூல் வாங்கி வருகிறேன் என்று கடைத்தெருவுக்குக் கிளம்பினார். அலமாரியில் நூல் கண்டு கண்டாக இருந்ததை இவள் பார்த்தாள். கேட்கவில்லை. அவர் தெருமுனை தாண்டியதும் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனாள்.

தார்ப்பாயை இழுத்தபோது தேங்கியிருந்த மழைத் தண்ணீர் அவள் காலில் கொட்டியது. காலைக் குளிரில் பழைய பிளாஸ்டிக் அப்பளம் மாதிரி, தொட்டால் உடையும். அதனால் கதவுகளை விரியத் திறந்து வைத்து வெயில் உள்ளே ஏறும்வரை ஒரு தகர டப்பாவின் மேல் உட்கார்ந்திருந்தாள். உள்ளிருந்து ஈரத் தரைவிரிப்பின் புளிச்ச நாற்றம் வந்தது. மகளின் செருப்பு ஒன்று டேஷ்போர்டுக்கு அடியில் செருகிக் கிடந்தது. அதை எடுத்து முந்தானையால் துடைத்துக் கீழே வைத்தாள்.

ஸ்பீக்கர்கள் சீட்டுகளுக்குப் பின்னால், பின்சுவர் பேனலுக்கு உள்ளே இருந்தன. அதை எடுக்க முதலில் சீட்டை முன்னால் தள்ள வேண்டும். பிறகு கதவடிப் பட்டையைக் கழற்ற வேண்டும். அதன் பிறகு பக்கவாட்டுப் பேனல். அந்தப் பேனலில் உள்ள பிளவு வழியாகத்தான் பெல்ட்டின் அடிமுனை உள்ளே போகிறது. அந்த முனையில் ஓர் இரும்புத் தகடு, அதை வண்டியின் சட்டத்தோடு பிடித்து நிறுத்த கட்டைவிரல் பருமனில் ஒரு போல்ட். அதையும் கழற்றினால்தான் பேனல் முழுசாக வெளியே வரும். கல்யாண நாளுக்கு மகளுக்கும் மருமகனுக்கும் பரிசாகப் புது ஸ்பீக்கர் போட்டுக் கொடுத்தபோது மாஸ்டர் இதையெல்லாம் கழற்றி மாட்டியவர்தான். இவள் பக்கத்தில் நின்று கிளிப்புகளை எடுத்துக் கொடுத்தாள்.

ஓட்டுகிறவன் பக்கத்தை முதலில் எடுத்தாள். மெல்லிய மரத்துண்டை இடுக்கில் நுழைத்து, நெம்பாமல், மெல்லத் திருகி, ஒவ்வொரு கிளிப்பாகக் கழற்றினாள். ஒன்றுதான் உடைந்தது. பெல்ட் போல்ட்டைக் கழற்றாமல் பேனலை ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்தாள். போல்ட்டின் தலையில் வெள்ளைக் கோடு இருந்தது. இவளுடைய தையல் சாக்பீஸ் கோடு. பேனல் பொருந்துகிறவரை மாஸ்டர் எந்தப் போல்ட்டையும் முறுக்க மாட்டார், கையாலேயே திருகி விடுவார். கை டைட்டு என்பார். எல்லாம் ஒழுங்காக உட்கார்ந்த பிறகு ஸ்பானர் போட்டு ஒரு சுற்று வருவார். முறுக்கிய போல்ட்டில் எல்லாம் ஒரு கோடு. கோடில்லாத போல்ட் முடியாத வேலை. சாக்பீஸ் தொலைகிறது என்று இவள் கத்தாத நாளில்லை.

பிறகு மகள் உட்கார்ந்த பக்கத்துக்கு வந்தாள். பட்டையைக் கழற்றினாள். பேனலின் விளிம்பைத் தூக்கினாள். பெல்ட்டின் தகடு தொளதொளவென்று கூடவே வந்தது. அதைப் பிடித்திருக்க வேண்டிய போல்ட் அங்கே இல்லை.

அறுந்து போயிருக்கும் என்று நினைத்தாள். மோதின வேகத்தில் பிய்ந்திருக்கும். அப்படி நினைத்துக்கொண்டே தரைவிரிப்புக்கு அடியில் கையை விட்டுத் துழாவினாள். ஈரத் தூசியும் ஒரு கொண்டை ஊசியும் கிடைத்தன. அதற்கும் அடியில் போல்ட் கிடைத்தது. எடுத்து வெயிலில் பிடித்தாள். திருகு மரை ஒன்றுகூடச் சிதையவில்லை. சட்டத்துத் துளைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். அங்கேயும் மரை புதுசு மாதிரி இருந்தது. பிய்ந்து வந்த போல்ட் இல்லை இது. ஓட ஓட ஆடி, கொஞ்சம் கொஞ்சமாகத் தானே கழன்று விழுந்த போல்ட். தலையைத் திருப்பிப் பார்த்தாள். கோடு இல்லை.

வண்டியின் விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஸ்பீக்கர் போட்ட அந்த நாள் முழுதும் கண்முன் வந்தது. பேனல் உட்கார்ந்துவிட்டது. அந்தப் பக்கம் முறுக்கி முடித்து இந்தப் பக்கம் வர வேண்டிய நேரம். மகள் பொறுக்க மாட்டாமல் முன்சீட்டில் ஏறிப் பாட்டைப் போட்டுவிட்டாள். கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது. "அப்பா, கேளுங்கப்பா!" என்று கத்தினாள். இவள் வாசலிலிருந்து, சாப்பாடு ஆறுகிறது, வந்தால் வாங்க வராவிட்டால் போங்க என்று கத்தினாள். மாஸ்டர் சிரித்துக்கொண்டே ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டுக் கை கழுவப் போனார். சாப்பிட்டு எழுந்தபோது வண்டி தெருவில் இல்லை, இரண்டும் சவாரி போய்விட்டன.

"நீ ஏன் திறந்தே?"

மாஸ்டர் பின்னால் நின்றார். கையில் நூலும் இல்லை, ஒன்றும் இல்லை.

"உங்களுக்குத் தெரியும்" என்றாள்.

"தெரியாது. சந்தேகம்தான். கோடு போட்டேனா இல்லையான்னு யோசிச்சு யோசிச்சு மண்டை வெடிச்சுது. திறந்து பாத்தா தெரிஞ்சிடும். அதான் திறக்கலை."

"பாருங்க." போல்ட்டை நீட்டினாள். அவர் வாங்கவில்லை. பார்த்தார். தகரக் கூரையின் தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே குந்தி உட்கார்ந்தார்.

"நான்தான் அவ இடுப்பை உடைச்சேன்" என்றார்.

"மெதுவாப் பேசுங்க."

"எதுக்கு மெதுவா? பரிசோதகர் வரட்டும், நானே காட்டுறேன். அந்தப் பையன் நாயா அலைஞ்சுட்டான். நீ அவனை வாசல்ல நிக்க வச்சுக் கரிச்சுக் கொட்டின. நான் மிஷின்ல உக்காந்து கேட்டுட்டு இருந்தேன். கேட்டுட்டு இருந்தேன்டி."

"காட்டுங்க. காட்டிட்டு?"

"காட்டிட்டு என்ன? என்ன வருதோ வரட்டும்."

"நாளைக்குக் காலையில அவளை யாரு தூக்குவா?"

அவர் தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தார்.

"சொல்லுங்க. உங்க கையைத் தவிர வேற கையில அவ தங்க மாட்டேங்குறா. இந்தக் கைதான் பண்ணுச்சுன்னு தெரிஞ்சா அவ தொட விடுவாளா? விட்டாலும் உங்களால தூக்க முடியுமா?"

"அதுக்காக அவன் தலையில போடுறதா?"

"அவன் வயசுப் பையன். எந்திரிச்சுப் போயிடுவான். அவ எங்க போவா?"

அவள் சொன்னது அவளுக்கே கேட்டது. எவ்வளவு மோசமான பேச்சு என்றும் தெரிந்தது. ஆனாலும் கை பெட்டியைத் துழாவிக்கொண்டிருந்தது. பின்சுவர்ப் பேனலைக் கழற்றி ஸ்பீக்கர்கள் இரண்டையும் வயரோடு எடுத்து வெளியே வைத்தாள். அதையும் ஓட்டுகிறவன் பக்கத்துப் பேனலையும் திரும்ப உட்கார வைத்தாள். தகட்டைத் துளைக்கு நேராகப் பிடித்து, போல்ட்டை நுழைத்து, கையால் திருகினாள். வழுக்கிக்கொண்டு ஏறியது. ஒரு ஸ்பானரை எடுத்துப் போட்டாள். பிடிக்கவில்லை, நழுவியது. மறுபடி போட்டாள். மறுபடி நழுவியது.

"அது இல்லை. பதினேழு போடு" என்றார் மாஸ்டர்.

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவருக்கு உறைத்தது. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். இவள் பதினேழைப் போட்டு, உடம்பின் கனத்தையெல்லாம் அதன்மேல் சாய்த்து, இனி அசையாது என்கிறவரை முறுக்கினாள். இடுப்பில் செருகியிருந்த சாக்பீஸை எடுத்துப் போல்ட்டின் தலையில் ஒரு கோடு இழுத்தாள். அதன்மேல் பேனலை அழுத்தி மூடினாள். கிளிப்புகள் ஒவ்வொன்றாக உள்ளே போய் உட்கார்ந்தன.

பரிசோதகர் மத்தியானம் வந்தார். கண்ணாடி போட்ட, அவசரக்காரரான ஆள். மருமகன் அவருக்குப் பின்னால் வந்தான். சட்டை காலரெல்லாம் அழுக்கு. தாடி வேறு. மருந்துக்கடையில் அவனை நோயாளி என்று நினைத்தாலும் நினைப்பார்கள்.

"இங்க யாராவது கை வச்சீங்களா?" என்றார் பரிசோதகர், பேனலின் விளிம்பைத் தடவிக்கொண்டே.

"ஸ்பீக்கர் எடுத்தோம் சார். மக கேட்டா" என்றாள் இவள். குரல் நடுங்கவில்லை. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

அவர் தலையாட்டினார். பெல்ட்டை இழுத்தார், விட்டார். பக்கிளில் போட்டுப் பார்த்தார், கழற்றினார். பிறகு பேனலின் மேல் விளிம்பை நெம்பித் தூக்கி உள்ளே டார்ச் அடித்தார். அடிமுனையைப் பிடித்துக் காலை ஊன்றிக்கொண்டு இழுத்தார். வண்டிதான் ஆடியது. மாஸ்டர் பட்டறைக்குள் மிஷினை ஓட்டிக்கொண்டிருந்தார். துணியில்லாமல் ஊசி தடதடவென்று ஓடும் சத்தம் இவளுக்குக் கேட்டது.

"கல்லு மாதிரி இருக்கு. கோளாறு ஒண்ணும் இல்லை, தம்பி" என்றார் பரிசோதகர்.

"இன்னொரு தடவை பாருங்க சார்."

"எத்தனை தடவை பாத்தாலும் இதான். போட்டிருந்தா பிடிச்சிருக்கும். அந்தப் பொண்ணு போடலை. நீங்க சத்தம் கேட்டேன்னு சொல்றது உங்க பெல்ட்டுச் சத்தமா இருக்கும். அவ்வளவுதான்."

அவர் போய்விட்டார். மருமகன் வண்டியைச் சுற்றி ஒரு தரம் வந்தான். தானே குனிந்து பெல்ட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தான். பிறகு ஓய்ந்துபோய் நின்றான். இவள் உள்ளே போய்விடலாம் என்று திரும்பினாள்.

"அத்தை" என்றான்.

நின்றாள்.

"என் சத்தத்தைத்தான் கேட்டிருக்கேன் போல. அவ போடலை. நான் திரும்பிக்கூடப் பாக்கலை. இத்தனை நாளா வண்டி மேல பழியைப் போட்டுக்கிட்டு ஊரெல்லாம் சுத்தினேன். உங்க மூஞ்சியில முழிக்க எனக்கு யோக்கியதை இல்லை. அவளை ஒரே ஒரு தடவை பாத்துட்டுப் போயிடுறேன். மன்னிச்சிடுங்கன்னு கேக்கக்கூட வாய் வரலை."

வெயில் அவன் முகத்தில் அடித்தது. அவன் கண்ணைத் துடைக்கவில்லை. இப்போது சொல்லிவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. ஒரு வார்த்தை போதும். மகளின் அறை ஜன்னல் திறந்திருந்தது.

"நடந்தது நடந்துபோச்சு. நான் மனசுல எதையும் வச்சுக்கலை. உள்ள வாங்க மாப்பிள்ளை" என்றாள்.

அவன் சட்டென்று அவள் கைகள் இரண்டையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். கிரீஸ் அவன் கன்னத்தில் ஒட்டியது. "இந்த மனசு யாருக்கு வரும் அத்தை" என்று விக்கினான். அவள் கையை இழுத்துக்கொள்ளாமல் நின்றாள். அடுப்பில் போட்டால் பரவாயில்லை என்றிருந்தது அந்தக் கைகளை.

அவன் அறைக்குள் போனான். மாஸ்டர் அங்கே ஸ்டூலில் ஏறி நின்று ஸ்பீக்கரைச் சுவரில் பொருத்திக்கொண்டிருந்தார். இவள் சமையலறையில், அடுப்பை மூட்டாமல், சுவரோடு நின்றாள்.

"பாத்தாங்களா? சொன்னேன்ல பெல்ட்டு போட்டிருந்தேன்னு!" மகளின் குரலில் எத்தனையோ நாளைக்குப் பிறகு உயிர் இருந்தது. "என்ன சொன்னாரு? எங்க கோளாறாம்?"

"கோளாறு இல்லம்மா. எல்லாம் சரியா இருக்கு" என்றான் மருமகன்.

"அதெப்படி? நான் போட்டேனே."

"நீ போடலடா. போட்டதா ஞாபகம் உனக்கு. எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. தப்பு என்னோடது, நான் பாத்திருக்கணும். நீ மனசைப் போட்டு அலட்டிக்காதே."

உள்ளே ஸ்குரூ திருகும் சத்தம் நின்றது.

"நான் போட்டேன்" என்றாள் மகள். பிறகு, "போட்டேன்னுதான் நினைக்கிறேன்" என்றாள். பிறகு, "அப்பா, உங்க பொண்ணு பெல்ட்டு போடாம போவாளா? நீங்க சொல்லுங்கப்பா" என்றாள்.

ஸ்டூல் நகரும் சத்தம் கேட்டது. மாஸ்டர் இறங்குகிறார். இவள் சுவரில் தலையை முட்டிக்கொண்டு காத்திருந்தாள். சொல்லிவிடுவார் என்று பயந்தாள். சொல்லிவிடட்டும் என்றும் இருந்தது.

"நீ அவசரத்துல மறந்திருப்பம்மா" என்றார் மாஸ்டர்.

"அப்ப நானாத்தான் பண்ணிக்கிட்டேனா?"

மருமகன் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"உங்க எல்லாருக்கும் எவ்வளவு கஷ்டம் கொடுத்துட்டேன். ஒரு பெல்ட்டு போடத் தெரியாம... மன்னிச்சிடுங்கப்பா."

புரட்டிப் படுக்க வைக்கும் நேரம் தாண்டிவிட்டிருந்தது. "அழாத, வலிக்கும்" என்று மாஸ்டர் சொல்வது கேட்டது. ஒரு கை தோளுக்கு அடியில், ஒரு கை இடுப்புக்கு அடியில் போயிருக்கும். கட்டில் கிறீச்சிட்டது. மகளிடமிருந்து வலிச் சத்தம் எதுவும் வரவில்லை.